புல்லுக்கு அவசரம், கூலிக்கு ஆறப்போடு

"ஆள் கிடைக்கல." கள்ளக்குறிச்சிப் பக்கம் நிலம் வைத்திருக்கிற யாரிடம் பேசினாலும் மூன்றாவது நிமிடத்தில் இது வந்துவிடும். அடுத்தது, "நூறு நாள் வேலை வந்து ஆளைக் கெடுத்திருச்சு." அதற்கடுத்து, இப்போது புதிதாகச் சேர்ந்திருப்பது: "பதிவு இருக்கோ இல்லையோ, மக்காச்சோளத்துக்கும் நெல்லுக்கும் எந்தக் களைக்கொல்லி கேக்குதோ அதை கவர்மெண்ட்டு அவசரமா அனுமதிக்கணும்." சின்னசேலம் பக்கம் ஒரு விவசாயிகள் கூட்டத்தில் இதை ஒருவர் சொன்னபோது கைதட்டல் விழுந்தது. நானும் அங்கே உட்கார்ந்திருந்தேன்.

அந்தக் கிடைக்காத ஆளின் மகள் நான்.

நான் பிளஸ் டூ படித்த வருடம், எங்கள் தெருவிலிருந்து பதினோரு பெண்கள் களையெடுக்கப் போவார்கள். அம்மாதான் ஆள் சேர்ப்பாள். நாள் கூலி 120 ரூபாய். மக்காச்சோளம் விதைத்த மூன்றாவது வாரம், 150 கொடுத்தால்தான் இறங்குவோம் என்றார்கள். மூன்று நாள் யாரும் போகவில்லை. நாலாவது நாள் அதே காட்டில் ஒரு ஆள் முதுகில் டேங்க் மாட்டிக்கொண்டு நடந்துகொண்டிருந்தார். எங்கள் சித்தப்பா. லுங்கி, வாயைச் சுற்றி ஒரு துண்டு, வெறுங்கால். பாட்டிலில் இருந்த முக்கோணத்தின் நிறம் எதைக் குறிக்கிறது என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. அடித்தது என்ன மருந்து என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. பத்து நாளில் புல் காய்ந்தது. அடுத்த பட்டத்துக்கு அம்மா பழைய 120க்கே போனாள்.

ஆள் இருந்தது, தோழர்களே. 120 ரூபாய்க்குக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். சேரி கூலி உயர்த்திக் கேட்கிற நாளை ஊர் 'ஆள் பற்றாக்குறை' என்று எழுதிக்கொள்கிறது. அரசு அலுவலகத்துக்குப் போகும்போது அது 'அவசர நிலை' ஆகிவிடுகிறது.

காய்ந்தது புல் மட்டுமல்ல. களையெடுத்துவிட்டு வரும்போது அம்மாவின் மடியில் பண்ணைக்கீரையும் தொய்யக்கீரையும் இருக்கும். ஆட்டுக்கு ஒரு கட்டு புல் தலையில் இருக்கும். நிலமில்லாத வீட்டுக்குக் குழம்பும் தீவனமும் வந்தது அடுத்தவன் காட்டுக் களையிலிருந்துதான். எக்டருக்கு இத்தனை ரூபாய் மிச்சம் என்று கணக்குப் போடுகிற எந்த அறிக்கையிலும் அந்த மடி வராது.

சட்டத்துக்கு வருவோம். 1958இல் பூச்சிமருந்து கலந்த கோதுமை மாவைத் தின்று கேரளத்திலும் அன்றைய சென்னை மாநிலத்திலும் நூறு பேருக்கு மேல் செத்தார்கள். அந்தச் சாவுகளுக்குப் பிறகு பத்து வருடம் கழித்து, 1968 செப்டம்பரில் பூச்சிக்கொல்லிகள் சட்டம் வந்தது. களைக்கொல்லியும் அதற்குள் அடக்கம். அதே ஆண்டு டிசம்பரில்தான் கூலி உயர்வு கேட்டதற்காகக் கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்தார்கள். இந்த இரண்டையும் யாரும் சேர்த்துப் பேசுவதில்லை. வயலில் எது விஷம் என்று வரையறுத்த அரசுக்கு, வயலில் நிற்கிறவளின் கூலி ஒரு பாதுகாப்பு விஷயமாகவே தெரியவில்லை.

அந்தச் சட்டத்தின் 9(3பி) பிரிவைப் பாருங்கள். நாட்டுக்குள் முதன்முறையாக வரும் ஒரு மருந்துக்கு, விசாரணை முடியும் முன்பே இரண்டு ஆண்டு தற்காலிகப் பதிவு கொடுக்கலாம். இப்போது 27ஆம் பிரிவு. ஒரு மருந்து ஆளைக் கொல்கிறது என்று மாநில அரசு நினைத்தால் 60 நாள் தடை போடலாம், விசாரணை முடியாவிட்டால் இன்னும் 30 நாள். உள்ளே விட இரண்டு ஆண்டு, வெளியே நிறுத்த மூன்று மாதம். இதற்கு மேல் என்ன அவசர அனுமதி வேண்டும்?

அவசரமாகக் கொடுக்கத் தெரியாத அரசா இது? 2018இல் அமெரிக்கப் படைப்புழு மக்காச்சோளத்தில் இறங்கியது. அந்தப் பயிருக்குப் பதிவில்லாத பூச்சிமருந்துகளுக்கு உடனே தற்காலிக அனுமதி வந்தது. 2022 ஏப்ரலில் 477 மருந்துகளை டிரோனில் அடிக்க இரண்டு ஆண்டு இடைக்கால அனுமதி கொடுத்தார்கள். கைத்தெளிப்பானில் ஏக்கருக்கு நூறு, நூற்றைம்பது லிட்டர் தண்ணீரில் கலப்பதை டிரோனில் பத்து லிட்டர் அளவில் கலக்கிறார்கள். அந்தக் கெட்டிக் கரைசல் காற்றில் பக்கத்துக் காட்டுக்கு வந்தால், அங்கே குனிந்து நிற்பவள் யார்?

தடை என்றால் மட்டும் நடை தளர்ந்துவிடும். 2020 மே மாதம் 27 மருந்துகளைத் தடை செய்ய வரைவு ஆணை போட்டார்கள். மக்காச்சோளத்துக்கு அடிக்கும் அட்ரசின், நெல்லுக்கு அடிக்கும் பூட்டாகுளோர், 2,4-டி, பெண்டிமெத்தலின் எல்லாம் அதில் இருந்தன. மூன்றாண்டு கழித்து முழுத் தடை வந்தது மூன்றே மூன்றுக்கு. அந்த மூன்றில் ஒரு களைக்கொல்லிகூடக் கிடையாது. கிளைபோசேட்டுக்குப் பதிவு தேயிலைக்கும் பயிரில்லா நிலத்துக்கும் மட்டும்தான். 2022 அக்டோபரில் அதையும் பயிற்சி பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டு ஆட்கள்தான் அடிக்க வேண்டும் என்று ஆணை வந்தது. எங்கள் சித்தப்பாவுக்குப் பயிற்சி கொடுத்தது யார்? கடைக்காரர் ஏற்கெனவே வாய்மொழியாகக் கொடுத்துக்கொண்டிருக்கும் அனுமதிக்குத்தான் இப்போது அரசு முத்திரை கேட்கிறார்கள்.

மலைக்கு வாருங்கள். கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. 2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டவர்கள் செத்த பிறகுதான், மலைவாழ் மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று சென்னை உயர் நீதிமன்றம் தானாக விசாரிக்கத் தொடங்கியது. சாமையும் கேழ்வரகும் விளைந்த சரிவுகளில் இன்று மரவள்ளியும் மக்காச்சோளமும் நிற்கின்றன. சரிவில் அடித்தது சரிவிலேயே நிற்காது. மழை பெய்தால் ஓடைக்கு வரும், ஓடை கோமுகி அணைக்கு வரும். அந்த ஓடையில்தான் குடம் வைக்கிறார்கள். தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி என்று ஒரு அடிகூட அறிவிக்கப்படாததால், பழங்குடி கிராம சபைக்கான பெசா சட்டம் இங்கே செல்லாது. ஆனால் 2006 வன உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, நீர்ப்பிடிப்பையும் நீராதாரத்தையும் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்குக் கொடுத்திருக்கிறது. களைக்கொல்லிக்கு அவசரம் கேட்கிறவர்கள் வெள்ளிமலையிலோ கரியாலூரிலோ போய் அந்தச் சபையிடம் கேட்கட்டுமே.

இயற்கை விவசாயம் பேசும் நண்பர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கைக்களைதான் உயர்ந்தது, பாரம்பரியம் என்று நீங்கள் உருகும்போது எனக்கு அம்மாவின் இடுப்பு வலிதான் ஞாபகம் வருகிறது. அந்த வேலை எங்களுக்கு விதிக்கப்பட்டது, நாங்கள் விரும்பி எடுத்ததல்ல. அது ஒழியட்டும். ஒரு ஏக்கர் குத்தகை பிடித்து மக்காச்சோளம் போடுகிற எங்கள் ஆட்களே மருந்தடிக்கிறார்கள். முதல் நாற்பது நாள் களையை விட்டால் பயிர் போச்சு, எனக்கும் தெரியும். அவர்களைத் திட்ட நான் வரவில்லை. களையெடுக்கும் கருவியை ஊராட்சிக்கு இரண்டு வாங்கி, பெண்கள் குழுவிடம் கொடுத்து, ஓட்டக் கற்றுக்கொடுத்துக் கூலியையும் நிர்ணயிக்க எந்தப் பதிவுக் குழுவின் அனுமதியும் தேவையில்லை. அதற்கு மட்டும் ஒருவரும் அவசரம் கேட்கவில்லை.

1971 விதிகளின்படி மருந்தடிக்கிறவருக்குப் பாதுகாப்பு உடையும் பயிற்சியும் தர வேண்டும். மருத்துவப் பரிசோதனையும் செய்ய வேண்டும். பாராகுவாட் உடம்புக்குள் போனால் முறிவு மருந்தே கிடையாது. 2017இல் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்த 20க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். 2019 ஜனவரியில் திருவல்லா அருகே நெல்வயலில் மருந்தடித்த இருவர் செத்த பிறகே கேரளம் கிளைபோசேட்டைத் தடுத்தது. கள்ளக்குறிச்சியும் அப்படி ஒரு எண்ணிக்கைக்குக் காத்திருக்க வேண்டுமா?

ஆகஸ்ட் 15 கிராம சபை வருகிறது. உங்கள் ஊராட்சியில் கை தூக்கிக் கேளுங்கள்: இந்தப் பட்டத்தில் எந்தெந்தக் காட்டில் என்ன களைக்கொல்லி அடிக்கப்பட்டது, அந்தப் பயிருக்கு அது பதிவானதா, அடித்தவர் யார், அவருக்கு உடை கொடுத்தது யார். கேள்வியையும் பதிலையும் தீர்மான நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பதில் வராவிட்டால், வரவில்லை என்றே எழுதச் சொல்லுங்கள்.