நிலைபேறு யாருக்கு?

ஆசிய நாடுகளுக்கு முதலில் வேண்டப்படுவது அரசியல் நிலைபேறே. சனநாயகம் பின்னர் வரலாம் என்னும் வாதம் ஆட்சியாளராலும் அவர்தம் சார்பினராலும் நெடுங்காலமாக முன்வைக்கப்பட்டு வருகின்றது. இதற்குச் சான்றாகப் பெரிதும் காட்டப்படுவது தென் கொரியா. ஆயின், அந்நாட்டு வரலாறே இவ்வாதத்தைப் பொய்ப்பிக்கின்றது.

1961இல் இராணுவப் புரட்சி மூலம் ஆட்சியைக் கைப்பற்றிய பார்க் சுங் ஹீ, 1972இல் யூசின் அரசியலமைப்பைக் கொணர்ந்தார். சனாதிபதியை நேரடியாகத் தெரிவுசெய்யும் உரிமையை மக்கள் இழந்தனர். பதவிக்கால வரையறை ஒழிந்தது. தேசிய சபையில் மூன்றிலொரு பங்கினர் அவரது பரிந்துரையின்படியே இடம்பெற்றனர். அவரது ஆட்சியிற் கைத்தொழில் பெருகியமை மறுக்கற்பாலதன்று. ஆனால் அதற்கான விலையைக் கொடுத்தோர் யாவர்? தொழிற் சட்டங்களை நடைமுறைப்படுத்துமாறு கோரி 1970இல் தீக்குளித்து மாண்ட ஆடைத் தொழிலாளி ஜியோன் டே இல் இதற்கு விடையாவார்.

இவ்வளவு அடக்குமுறையாலும் நிலைபேறேனும் கிட்டியதா? 1979 ஒக்டோபர் 26ஆந் திகதி, இராப்போசன வேளையில், தம் புலனாய்வுத் துறைத் தலைவராலேயே பார்க் சுட்டுக் கொல்லப்பட்டார். டிசெம்பரில் இராணுவத்தினுள் மற்றொரு புரட்சி மூண்டது. 1980 மே மாதம் குவாங்சூ நகரிற் படையினர் மக்களைச் சுட்டு வீழ்த்தினர். ஒரு மனிதனின் உயிரோடு முடிந்துவிடும் ஒழுங்கை நிலைபேறு என்பது சொல்லையே அவமதிப்பதாகும்.

உண்மையான நிலைபேற்றை ஆக்கியவர்கள் "குழப்பக்காரர்" எனத் தூற்றப்பட்டோரே. சித்திரவதையில் ஒரு மாணவர் இறந்ததையடுத்து, 1987 யூன் மாதத்தில் மாணவரும் தொழிலாளரும் அலுவலக ஊழியரும் வீதியில் இறங்கினர். நேரடித் தேர்தல் மீண்டது. புதிய அரசியலமைப்பின் வழி 1988இல் அரசியலமைப்பு நீதிமன்றம் தோன்றியது. 2017இல் பார்க்கின் மகளான சனாதிபதி பார்க் குன் ஹேயை அந்நீதிமன்றமே பதவி நீக்கியது; அறுபது நாட்களுள் தேர்தல் நடைபெற்றது. 2024 டிசெம்பர் 3ஆந் திகதி இரவு சனாதிபதி யூன் சொக் யோல் இராணுவச் சட்டத்தைப் பிரகடனஞ் செய்தார். படையினர் சபைக் கட்டடத்தினுட் புகுந்தபோதும், உறுப்பினர் 190 பேர் கூடி அதனை நிராகரித்தனர். விடியுமுன் சட்டம் மீளப்பெறப்பட்டது. 2025 ஏப்பிரலில் அவரும் பதவியிழந்தார்.

துப்பாக்கி காத்த ஆட்சி துப்பாக்கியாலேயே வீழ்ந்தது. மக்கள் ஆக்கிய அமைப்போ துப்பாக்கியை எதிர்கொண்டும் நின்றது. எனவே, "நிலைபேறு" எனும் குரல் எழும்போதெல்லாம், அது நாட்டின் நிலைபேறா, நாற்காலியின் நிலைபேறா எனக் கேட்பதே கற்றோர் கடனாகும்.