வெயில் இருக்கு... வைட்டமின் எங்கே பாஸ்?

மே மாசம் மத்தியானம் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுல அஞ்சு நிமிஷம் நின்னா, தலையில ஆம்லெட்டே போடலாம்! இந்த ஊர்ல போய் ஒருத்தருக்கு வைட்டமின் டி குறைவுனு ரிப்போர்ட் வந்தா சிரிப்பு வருமா, வராதா? ஆனா, தைராய்டு மாத்திரை சாப்பிடுற அம்மா, சித்தி, அக்காக்கள்ல பலருக்கு அப்படித்தான் வருது.

சென்னை உள்பட 8 நகரங்கள்ல நடத்தி 2013-ல் வெளியான ஆய்வுல, பெரியவங்கள்ல சுமார் 11 சதவிகிதம் பேருக்கு தைராய்டு குறைவு. ஆண்களைவிட பெண்களுக்கு 3 மடங்கு!

'அப்போ டி குறைஞ்சதாலதான் தைராய்டு வந்துச்சா?' அவசரப்படாதீங்க. டெல்லியில 642 பேரை சோதிச்சு 2009-ல் வெளியான ஆய்வுல, தைராய்டைத் தாக்குற ஆன்டிபாடிக்கும் வைட்டமின் டி-க்கும் இருந்த தொடர்பு ரொம்பவே வீக். தைராய்டு நல்லா இருக்கிறவங்களுக்கும் டி குறைவாத்தான் இருந்துச்சு.

காரணம் சிம்பிள். காலேஜ் பஸ்ல ஜன்னல் சீட் பிடிச்சாலும் புண்ணியமில்லை. டி-யை உருவாக்குற புற ஊதா கதிரைக் கண்ணாடி தடுத்துடும். காலை இளம்வெயில்லயும் அது கம்மி. பகல் 11 முதல் 2 மணி வரைதான் பெஸ்ட்னு திருப்பதி ஆய்வாளர்கள் சொல்றாங்க. அந்த நேரம் நாம கிளாஸ்ல. சின்ன வெங்காயக் காட்டுல களையெடுக்கிற அக்காக்களோ முழுக்கை சட்டை, தலையில துண்டு!

அரியலூர் மண்ணுக்கடியில சுண்ணாம்புக்கல்லா கால்சியம் கொட்டிக் கிடக்கு. உடம்புக்குள்ள அது சேரணும்னா டி வேணும். இல்லேன்னா எலும்பு வலி, தசை வலி, அசதி. தைராய்டு குறைஞ்சாலும் அதே அசதிதான். ரெண்டும் சேர்ந்து படுத்தும்போது, வீட்டுல கிடைக்கிற பட்டம், 'சோம்பேறி'. கொடுமை!

இதைவிட கொடுமை, எல்லா மாத்திரையையும் ஒரே மடக்குல முழுங்குறது. டி மாத்திரை பலதும் கால்சியத்தோட சேர்ந்துதான் வருது. கால்சியம், தைராய்டு மருந்தைக் குடல்லயே பிடிச்சு வெச்சுக்கும். ரத்தத்துல சரியா சேரவிடாது. ரெண்டுக்கும் நடுவுல 4 மணி நேரம் கேப் வேணும். டி ஆரம்பிச்சாச்சேனு தைராய்டு மாத்திரையை நிறுத்தவும் கூடாது. கடையில கேட்டு வாங்கி இஷ்டத்துக்கு டி சாப்பிட்டா, ரத்தத்துல கால்சியம் எகிறிடும்.

இன்னிக்கு வீட்டுக்குப் போனதும் அம்மாவோட மாத்திரை அட்டையைத் திருப்பிப் படிங்க. கால்சியம்னு போட்டிருந்தா, தைராய்டு மாத்திரை காலையில வெறும் வயித்துல. கால்சியம் எத்தனை மணிக்குனு டாக்டர்கிட்ட கேட்டு அட்டை மேலயே பேனாவால எழுதிடுங்க.