பெயரிழந்த பாட்டும் எழுதப்படாத கையேடும்



பரிபாடலைப் புரட்டிப் பாருங்கள். பாட்டுகள் பலவற்றின் இறுதியில், இயற்றிய புலவர் இன்னார், இசை வகுத்தார் இன்னார், பண் இன்னது என்னும் குறிப்புகள் நிற்கும். பதிற்றுப்பத்திலோ துறை, வண்ணம், தூக்கு, பெயர் என நான்கு குறிப்புகள். ஏடெழுதிய நம் முன்னோர் பாட்டை மட்டும் எழுதிவிட்டு எழுத்தாணியைக் கீழே வைத்தாரல்லர். அதன் அடையாளத்தையும் உடன் பிணைத்தே வைத்தனர். அப் பிணைப்பு அறுந்தால் நேரும் இழப்பையும் நாம் அறிவோம். குறுந்தொகைப் புலவர் ஒருவரின் பெயர் மறைந்தமையால், அவர் ஆண்ட தொடரையே பெயராக்கிச் செம்புலப்பெயனீரார் என்கின்றோம். பெற்றோர் இட்ட பெயர் போயே போயிற்று.

இன்று ஏட்டின் இடத்தில் கணினிக்கோப்பு நிற்கின்றது. இழப்பு மட்டும் மாறவில்லை.

எம் பள்ளியில் பழைய ஒலிநாடா ஒன்று இருந்தது, வில்லுப்பாட்டுப் பதிவு. மாணவன் ஒருவன் ஆர்வத்தோடு அதனைக் கணினியில் ஏற்றினான். தடம் 1, தடம் 2 எனக் கோப்புகள் அமைந்தன. பாடியவர் பெயரும் ஊரும் எழுதிய தாள் நாடாப் பெட்டியோடு குப்பைக்குச் சென்றது. குரல் இருக்கின்றது, குரலுக்குரியவர் யாரென்று சொல்வார் இல்லை. மாணவனைக் குறை கூறேன். கோப்பினுள்ளேயே பெயரெழுத இடமுண்டென அவனுக்கு எவரும் தமிழில் எழுதிக் காட்டவில்லை.

அவ்விடம் 1996 முதலே உண்டு. ஐ.டி.3 என்னும் முறையின் முதற்பதிப்பு, ஒலிக்கோப்பின் இறுதியில் 128 பைட்டு இடம் ஒதுக்கிற்று. தலைப்பிற்கு அதில் 30 பைட்டு. அது உரோமன் எழுத்தாளர் தமக்கென அளந்த அளவு. ஒருங்குகுறி வழி தமிழெழுதும் பெருவழக்கில் ஒரு குறிக்கு 3 பைட்டு வேண்டும். 'தமிழ்நாடு' என்னும் ஒரு சொல்லே 27 பைட்டைக் கொள்ளும். 1998-இல் வந்த இரண்டாம் பதிப்பு இக் குறையை நீக்கி, ஒருங்குகுறியையும் நீண்ட குறிப்புகளையும் ஏற்றது. பாடியவர், இசை வகுத்தவர், பாட்டெழுதியவர், மொழி ஆகிய ஒவ்வொன்றிற்கும் அதில் தனியறை உண்டு. பரிபாடல் ஏட்டின் அறைகளே அவை!

ஆயினும் நம்மவர் செய்வதென்ன? பாட்டெழுதியவர் அறையை வெறுமையாக விடுகின்றனர். தமிழ்ப் பெயரை உரோமன் எழுத்தில் இடுகின்றனர். ழகரத்தை ஒருவர் ஈரெழுத்தாலும் மற்றொருவர் ஓரெழுத்தாலும் எழுதுவதால், ஒரே பாடகர் இருவராகின்றார். வாலையும் வாளையும் வாழையும் ஒன்றாகின்றன. தேடுவோர்க்குப் பாட்டுக் கிட்டுவதில்லை.

இக் குறிப்புகளை ஒழுங்குற இடுவதற்குப் 'பிக்கார்டு' என்னும் கட்டற்ற மென்பொருள் உண்டு. கலிபோர்னியாவில் 2004-இல் நிறுவப்பெற்ற மெட்டாபிரெயின்சு அறக்கட்டளையின் ஆதரவில் அது வளர்கின்றது. எவரும் விலையின்றிப் பெறலாம், திருத்தவும் செய்யலாம். ஒலியின் சாயலைக் கொண்டே பாட்டை அடையாளங்காண முயலும் திறனும் அதற்குண்டு. ஆயின் பொதுத்தொகுப்பில் எவரேனும் முன்னர்ப் பதிந்து வைத்த பாட்டையே அது அறியும். நம் வில்லுப்பாட்டை நாம் பதியாவிடின் அது என் செய்யும்? அக் கருவியினும் யான் வியப்பது அதன் ஆங்கிலக் கையேட்டை. ஒவ்வொரு குறிப்பும் யாது, எவ்வகைக் கோப்பில் எப்பெயரால் அமர்கின்றது என அட்டவணையிட்டு விளக்கியுள்ளனர். கருவி செய்வது ஒரு பணி. அதனைப் பிறர் கையாளுமாறு எழுதிவைப்பது அதனினும் குறைந்த பணியன்று.

"ஆங்கிலக் கையேடு இருக்கத் தமிழில் எதற்கு?" என்பார் உளர். ஒலிநாடாவைப் பெட்டியில் வைத்திருப்பவர் யார்? ஓதுவாரின் மகளும், வில்லிசைக்காரரின் பெயரனும் ஆவர். அவர்க்குப் புரியாத கையேடு பூட்டிய பேழையே.

நம் இயக்கத்தார்க்கும் ஒரு சொல். நாம் கலைச்சொற்களைப் பட்டியலிட்டு மகிழ்கின்றோம். பட்டியலில் கிடக்கும் சொல் உறையிலிட்ட வாள். 'இசை வகுத்தோர்', 'பாட்டியற்றியோர்', 'பாடினோர்', 'பண்', 'பாட்டுத்தொகை' என்னும் சொற்கள், "இவ்வறையில் இதனை எழுதுக" எனக் கையேட்டில் நின்று ஏவும்போதுதான் உயிர்பெறும். வழங்காத சொல் எத்துணைத் தூயதாயினும் வாழாது.

எனவே கணினியறிந்த இளைஞர் ஒருவரும் தமிழறிந்த ஆசிரியர் ஒருவரும் ஊர்தோறும் இணைக. இருபது பக்கத்தில் எளிய கையேடு எழுதுக. உடன், தம்மூர்ப் பாடகர் ஒருவரின் பதிவையேனும் எடுத்து, பெயரும் ஊரும் ஆண்டும் தமிழெழுத்தில் பொறிக்க. பாடியவர் உயிரோடிருக்கையிலேயே அவரைக் கேட்டு எழுதுக. நாளை கேட்க ஆளிராது. பெயரிழந்த புலவர் பலரைத் தாங்கிய மொழி நம்மொழி. அவ்வரிசையில் நம் காலத்தவரையும் சேர்த்த பழி நமக்கு வேண்டா.