மரம் எண்ணுவது காடு காப்பதாகுமா?



ஐந்திணை கற்பிக்கும் ஒவ்வோர் ஆண்டும் மாணவரிடம் யான் ஒரு வினாக் கேட்பதுண்டு: "காட்டைக் குறிக்கத் தமிழில் எத்தனை சொற்கள்?" கா, கான், பொழில், சோலை, புறவு, இறும்பு, பொதும்பு எனக் கரும்பலகை நிறையும். இத்தனை பெயரிட்டு வேறுபாடறிந்து வாழ்ந்த இனத்திற்கு, எது காடு என இன்று தில்லி வரையறுத்துச் சொல்கிறது!

உலகம் வெப்பமுறுகிறது; ஐயமில்லை. நிலக்கரியும் கன்னெய்யும் எரித்துக் காற்றில் ஏற்றிய கரிவளியின் ஒரு பகுதியை மரமும் மண்ணும் உள்வாங்கும். ஆகவே, 2030ஆம் ஆண்டிற்குள் காட்டாலும் மரத்தாலும் 250 முதல் 300 கோடி தொன் கரிவளியைக் கூடுதலாக உள்வாங்கச் செய்வதாக 2015இல் இந்திய அரசு உலகிற்கு வாக்களித்தது. நன்று! ஆனால் எதனைக் காடென்று கணக்கிடுகின்றனர்? ஓர் எக்டேர்க்குக் குறையாத நிலத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்கு மரக்கவிகை இருப்பின் அது காட்டுப்பரப்பாம்! தென்னந்தோப்பும் காடு, பழத்தோட்டமும் காடு, ஒரே மரத்தை வரிசையாய் நட்ட நிலமும் காடு!

இக்கணக்கின் கேட்டை நீலமலையில் காணலாம். முகடுகளில் புல்வெளி, மடிப்புகளில் சோலை. இதுவே அம்மலையின் இயற்கை. 'சோலை' என்னும் நம் சொல்லையே ஆங்கிலேயர் 'சோலா' எனத் திரித்து அறிவியல் நூல்களில் ஏற்றினர். ஆனால் புல்வெளியைப் பாழ்நிலம் என்றனர். 19ஆம் நூற்றாண்டில் ஆத்திரேலியாவிலிருந்து சீகையும் கற்பூர மரமும் கொணர்ந்து நட்டனர். வெள்ளையர் போன பின்னும் நம் அரசுகள் அவ்வழியே நடந்தன. விளைவு என்ன? சீகை தானே பரவிப் புல்லை மூடியது. தொதவரின் எருமைக்கு மேய்ச்சல் குறுகியது. அவர்தம் கோயில் வேயும் புல்லும் அரிதாயிற்று. மரக்கணக்கில் காடு வளர்ந்தது. உண்மையில் ஒரு நிலம் அழிந்தது!

புல்வெளி தேக்கும் கரி பெரும்பாலும் மண்ணுக்குள், வேரோடு உறைவது. மேலே தீப்பிடித்தாலும் அது எளிதில் போகாது. தோட்ட மரத்தின் கரியோ ஒரு கோடைத் தீயில் மீண்டும் காற்றேறும். புல்லை அழித்து மரம் நடுவோர் கரிவளியைக் குறைக்கவில்லை. கணக்கை மட்டுமே கூட்டுகின்றனர்.

இத்தவற்றைத் திருத்தும் உரிமையேனும் முழுமையாய் நம்மிடம் உண்டா? 1976இல், நெருக்கடிநிலையின்போது, 42ஆம் அரசியலமைப்புத் திருத்தம் கல்வியையும் காட்டையும் ஒருசேர மாநிலப் பட்டியலிலிருந்து பறித்துப் பொதுப்பட்டியலில் வைத்தது. பள்ளியிலும் காட்டிலும் ஒரே கையெழுத்தில் கைவைத்தனர்!

அரசு ஏட்டில் இல்லாவிடினும், சொல்லின் இயல்பான பொருளில் காடாயிருப்பது காடே என 1996இல் உச்ச நயன்மன்றம் காப்பளித்தது. 2023ஆம் ஆண்டுத் திருத்தமோ, கரிவளி வாக்குறுதியை முகவுரையில் எழுதிக்கொண்டே, அக்காப்பைக் குறுக்க முனைந்தது. பழைய பொருளையே பின்பற்றுமாறு 2024 பிப்பிரவரியில் அம்மன்றம் இடைக்கால ஆணையிட நேர்ந்தது. அத்திருத்தம் சட்டத்தின் பெயரையும் விடவில்லை. 'வன் சன்ரட்சண் ஏவம் சம்வர்தன் அதினியம்' என மாற்றியது. தன் காட்டைக் காக்கும் சட்டத்தின் பெயரே நீலமலைத் தமிழனுக்கு விளங்காது!

"வெட்டினால் என்ன, ஈடாக மரம் நடுகிறோமே" என்பர். பெரிய நிக்கோபார்த் தீவில் 130 சதுரக் கிலோமீட்டர்க்கு மேற்பட்ட காட்டை வேறு பயனுக்குத் திருப்ப 2022இல் முதற்கட்ட இசைவு தந்தனர். ஈட்டு மரம் எங்கே? கடல் கடந்து, அரியானாவில்! மழைக்காட்டின் உயிர்கள் அங்குக் குடிபோகுமா?

மரம் நடுதல் தீதன்று. வெட்டவெளியான ஊரிலும் சாலையிலும் நடுக! ஆனால் நிற்கும் காட்டைக் காப்பதே முதல் வேலை. புல்வெளியைப் பாழ்நிலம் என்னும் பழக்கம் ஒழிக! சீகையை அகற்றிய இடத்தில் புல்லும் சோலையும் மீளும்வரை பேணுக! 2006ஆம் ஆண்டுக் காட்டுரிமைச் சட்டம் ஊரவைக்குத் தந்த காக்கும் உரிமையை ஏட்டளவில் நிறுத்தாது செயற்படுத்துக! காட்டை மாநிலப் பட்டியலுக்கு மீட்டுத் தருக!

சோலை என்று பெயரிட்டவன் சோலையைக் காக்கவும் அறிவான். பெயரை மட்டும் கரும்பலகையில் வைத்துக்கொண்டு காட்டை இழப்போமாயின், நாளை மாணவரிடம் யாம் எதைக் காட்டிப் பொருள் சொல்வோம்? எழுக தமிழினம்!