அறிவுக்கு விலைபேசும் அரசு!

ஓர் அரசு தன் மக்களிடமிருந்து தண்டிய வரிப்பணத்தில் ஒரு பகுதியை ஆய்வுக்கென ஒரு பல்கலைக்கழகத்திற்கு வழங்குமானால், அதனாலேயே அப் பல்கலைக்கழகத்தின் உள்ளத்தையும் உரிமையையும் சேர்த்து விலைக்கு வாங்கிவிட்டதாகப் பொருளாகுமா? எவரை ஆசிரியராக அமர்த்துவது, எவரை மாணவராகச் சேர்ப்பது, எதனைக் கற்பிப்பது என்பவற்றையெல்லாம் பொருள் கொடுத்தவனே வரையறுக்கலாமா? இவ் வினாவே 2025ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் பெரும் வழக்காக வெடித்தது. அவ் வழக்கு ஒரு கல்வி நிலையத்தின் வரவுசெலவைப் பற்றியது மட்டுமன்று. அறிவு எவர்க்கும் அடிமையாகலாமா என்பதைப் பற்றியது.

மாசசூசெட்சு மாநிலத்தின் கேம்பிரிட்சு நகரில் உள்ள ஆர்வர்டு பல்கலைக்கழகம் 1636இல் தோன்றியது. அமெரிக்க ஒன்றியம் என்னும் நாடு பிறப்பதற்கு ஏறத்தாழ நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே அது பிறந்துவிட்டது. அத்தகைய பழம்பெரும் தனியார் பல்கலைக்கழகத்தின்மீதும் அதனைச் சார்ந்த நிறுவனங்களின்மீதும், குடியரசுத் தலைவர் தொனால்டு திரம்பின் அரசு 2025 மார்ச்சு இறுதியில் கண்வைத்தது. ஏறத்தாழ 900 கோடி தாலர் மதிப்புள்ள ஆய்வு நல்கைகளையும் ஒப்பந்தங்களையும் மீளாய்வு செய்யப்போவதாக அது அறிவித்தது. ஏப்பிரல் 11ஆம் நாள் நடுவணரசின் மூன்று துறைகள் கையொப்பமிட்ட ஒரு மடல் ஆர்வர்டுக்கு வந்தது.

அம் மடல் வேண்டுகோள் அன்று, கட்டளை! பல்கலைக்கழக ஆட்சியில் மாணவர்க்கும், நிலைப்பணி பெறாத ஆசிரியர்க்கும் உள்ள செல்வாக்கைக் குறைத்தல் வேண்டுமாம். பணியமர்த்தம், மாணவர் சேர்க்கை ஆகியவை பற்றிய விளத்தங்களை அரசின் தணிக்கைக்கு வைத்தல் வேண்டுமாம். அமெரிக்க விழுமியங்களுக்குப் பகையானவர் என்று கருதப்படும் அயல்நாட்டு மாணவரைச் சேர்த்தலாகாதாம். ஒவ்வொரு துறையிலும் உள்ளோரின் கருத்துச் சார்புகளை வெளியார் ஒருவர் அளந்தாய்தல் வேண்டுமாம். கருத்து வேறுபாடு போதாத துறைகளில் புதிய ஆசிரியர்களைக் கொண்டுவந்து நிரப்புதல் வேண்டுமாம். இவை யாவும் குறைந்தது 2028 இறுதிவரை அரசின் கண்காணிப்பில் இருத்தல் வேண்டுமாம்! மாந்தனின் உயரத்தையும் எடையையும் அளக்கலாம். அவன் உள்ளத்தில் ஓடும் கருத்தை எந்தக் கோலால் அளப்பது? அளக்கும் கோலைப் பிடித்திருப்பவன் எவனோ அவன் கருத்தே அங்கு நேர்க்கருத்தாகிவிடும் என்பதை அறியாதவரா அம் மடலை எழுதியவர்?

பல்கலைக்கழகத் தலைவர் ஆலன் கார்பர் ஏப்பிரல் 14ஆம் நாள் இதனை வெளிப்படையாக மறுத்தார். தன் விடுதலையையோ அரசியலமைப்பு தந்துள்ள உரிமைகளையோ ஆர்வர்டு விட்டுக்கொடாது என்பதே அவர் விடையின் சாரம். அன்றே சில மணி நேரத்திற்குள் 220 கோடி தாலர் நல்கையும் 6 கோடி தாலர் ஒப்பந்தங்களும் முடக்கப்பட்டன. அடுத்த நாளே என்புருக்கி நோய் பற்றிய பெரும் ஆய்வொன்று நிறுத்தப்பட்டது. மாணவர் கிளர்ச்சியை ஒடுக்கவில்லை என்னும் குற்றச்சாட்டுக்கும், உலகெங்கும் ஏழையரைக் கொன்றுகொண்டிருக்கும் ஒரு நோயின் ஆய்வுக்கும் என்ன தொடர்பு? ஒரு தொடர்பும் இல்லை. பிணையாளைப் பிடித்து வைத்துக்கொண்டு பொருள் கேட்கும் கொள்ளையன், பிணையாள் தனக்குத் தீங்கு செய்தவனா என்று பார்ப்பதில்லையன்றோ?

ஈண்டு ஒன்றைத் தெளிவாக உணர்தல் வேண்டும். ஆய்வு நல்கை என்பது அரசு இரங்கி இடும் பிச்சையன்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், ஆய்வுக்கூடங்களைத் தானே புதிதாகக் கட்டி எழுப்புவதைவிட, பல்கலைக்கழகங்களில் உள்ள அறிஞர்களைக் கொண்டே நாட்டுக்கு வேண்டிய ஆய்வுகளைச் செய்வித்தல் நலம் என்று அமெரிக்க அரசு கருதியது. வானவர் புசு என்னும் பொறியியலறிஞர் 1945இல் அளித்த அறிக்கை அதற்கு வழி வகுத்தது. 1950இல் நாட்டு அறிவியல் அறக்கட்டளை தோன்றியது. ஆய்வர்கள் திட்டங்களை எழுதி விடுக்கின்றனர். அத்துறை வல்ல பிற அறிஞர்கள் அவற்றை எடைபோடுகின்றனர். மேலானவை தெரிவு செய்யப்படுகின்றன. எனவே அது வேலைக்குக் கொடுக்கும் கூலி. மருந்தும் கருவியும் மருத்துவ முறையுமாக அதன் பயன் மக்களுக்கே திரும்பி வருகின்றது. கூலி கொடுப்பவன் வேலையைக் கேட்கலாம். வேலை செய்பவனின் வாயைக் கட்ட முடியாது.

அரசு தரப்பில் சொல்லப்பட்ட கரணியம் யூத வெறுப்பு என்பதாகும். 2023 அத்தோபருக்குப் பின் காசாப் போரையொட்டி எழுந்த கிளர்ச்சிகளின்போது யூத மாணவர் பலர் இழிவுக்கும் அச்சத்திற்கும் ஆளாயினர் என்பது பொய்யன்று. அவ்வாறே முசுலிம் மாணவரும் பாலத்தீன மாணவரும் துன்புற்றனர். 2025 ஏப்பிரல் இறுதியில் ஆர்வர்டே வெளியிட்ட இரண்டு அறிக்கைகள் இவற்றை ஒப்புக்கொண்டன. தலைவர் கார்பரும் யூதரே. குறை இருந்தது, அதனைக் களைவதும் கடமையே. ஆயின் அதற்குச் சட்டம் ஒரு வழியை வகுத்துள்ளது. 1964ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டப்படி, முதலில் அறிவிப்புத் தருதல் வேண்டும். பின்னர் உசாவல் நடத்துதல் வேண்டும். குற்றம் உறுதியானால் நாடாளுமன்றத்திற்கு அறிவித்தல் வேண்டும். அதன்பின்னரும் குற்றம் நிகழ்ந்த பிரிவின் நல்கையை மட்டுமே நிறுத்தலாம். இவற்றுள் ஒன்றையும் பின்பற்றாது முதலில் வெட்டிவிட்டுப் பின்னர்க் கரணியம் தேடியது அரசு.

ஆர்வர்டு ஏப்பிரல் 21ஆம் நாள் வழக்குத் தொடுத்தது. அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர்களின் கழகம் அதற்கு முன்னரே வழக்குத் தொடுத்திருந்தது. இரண்டையும் கேட்ட பாசுடன் நடுவணரசு வழக்குமன்ற நடுவர் ஆலிசன் பரோசு, 2025 செப்தம்பர் 3ஆம் நாள் தீர்ப்பு வழங்கினார். நல்கை வெட்டு, பேச்சுரிமையைக் காக்கும் முதலாம் திருத்தத்திற்கும் 1964ஆம் ஆண்டுச் சட்டத்திற்கும் மாறானது என்றும், யூத வெறுப்பு என்பது ஒரு புகைத்திரையாகவே பயன்பட்டது என்றும் அவர் கூறினார். அரசு திசம்பரில் மேல்முறையீட்டுக்குச் சென்றது.

பல்கலைக்கழகத்தின் உரிமை இவ்வாறு முறைமன்றத்தில் நிற்பது புதிதன்று. 1957இல் பால் சுவீசி என்பவரை அவர் ஆற்றிய விரிவுரைக்காக நியூ ஆம்சயர் அரசு துருவிக் கேட்ட வழக்கில் உச்சமன்றம் அவர் பக்கமே நின்றது. எவர் கற்பிப்பது, எதைக் கற்பிப்பது, எப்படிக் கற்பிப்பது, எவரைச் சேர்ப்பது என்னும் நான்கும் பல்கலைக்கழகத்தின் அடிப்படை உரிமைகள் என்று நடுவர் பிராங்குபர்ட்டர் அதில் எடுத்துக்காட்டினார். அந் நான்கையும் வகுத்தவர்கள், நிறவெறி அரசு கருப்பின மாணவரைத் தடுக்க முயன்றபோது எதிர்த்து நின்ற தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழக அறிஞர்களாவர். 2025இன் மடல் கைவைத்தது இந் நான்கின்மீதும்தான்!

மறுத்ததற்கான தண்டம் நல்கை வெட்டோடு நிற்கவில்லை. அயல்நாட்டு மாணவரைச் சேர்க்கும் இசைவை அரசு மே 22ஆம் நாள் பறித்தது. மாணவருள் நான்கில் ஒரு பங்கினர்க்கு மேற்பட்டோர், ஏறத்தாழ 6,800 பேர், ஒரே நாளில் நிலைகுலைந்தனர். மறுநாளே வழக்குமன்றம் அவ்வாணையைத் தடுத்தது. சூலையில் வந்த புதிய வரிச்சட்டம், பெருஞ்செல்வப் பல்கலைக்கழகங்களின் வைப்பு வருவாய்மீது இருந்த 1.4 விழுக்காட்டு வரியை 8 விழுக்காடு வரை உயர்த்தியது.

ஆர்வர்டு குறையற்றது என்று எவரும் சொல்லார். 5,000 கோடி தாலருக்கு மேற்பட்ட வைப்புடைய நிறுவனம் அது. பழைய மாணவரின் பிள்ளைகட்குச் சேர்க்கையில் சலுகை காட்டியதும் அது. ஆயினும் செல்வனின் வீட்டுக் கதவை உடைக்கக் கற்றவன் ஏழையின் குடிசைக் கதவை விட்டுவைப்பானா? கொலம்பியாப் பல்கலைக்கழகம் 40 கோடி தாலர் நல்கையை இழந்து, சூலையில் 20 கோடி தாலரை மூன்றாண்டுகளில் செலுத்துவதாக அரசோடு உடன்பாடு செய்துகொண்டது. ஆர்வர்டோ தன் வைப்பின் பெரும்பகுதி கொடையாளரால் வரையறுக்கப்பட்டதாயினும், 25 கோடி தாலரைத் தன் பொருளிலிருந்தே ஆய்வுக்கு ஒதுக்கி நின்றது. தனக்கென்று முதல் உள்ளவன் நிமிர்ந்து நிற்க முடிந்தது. முதலற்ற சிறு கல்லூரிகள் எதைக்கொண்டு நிற்கும்? அவற்றைக் காப்பது சட்டமும் மக்களின் விழிப்புமேயன்றி வேறில்லை.

தமிழர்க்கும் இதில் பங்குண்டு. உலகத் தமிழர் பலர் கூடித் திரட்டிய 60 இலக்கம் தாலரைக் கொண்டு ஆர்வர்டில் தமிழிருக்கை அமைந்தது. தமிழ்நாட்டரசும் 10 கோடி உருபா வழங்கியது. 2018இல் அத்தொகை நிறைவுற்றது. எத்துறையில் எக்கருத்துடையார் இருத்தல் வேண்டும் என்று ஓர் அரசு ஆணையிடலாமென்றால், அவ்வாணை ஒருநாள் தமிழிருக்கையின் கதவையும் தட்டும். அதுமட்டுமன்று, பொருள் கொடுத்த தமிழரும், ஆய்வு தமக்கு உவப்பான முடிவையே சொல்லுதல் வேண்டும் என்று கேட்டலாகாது. ஆய்வின் விடுதலையைத் தமக்கு வேண்டும்போது போற்றியும் வேண்டாதபோது தூற்றியும் பேசுவார்க்கு அதனைக் காக்கும் தகுதி இல்லை.

கொடுப்பவன் அரசாயினும் செல்வனாயினும் இனத்தாராயினும் நெறி ஒன்றே. கணக்கைக் கேட்கலாம்; கருத்தைக் கேட்டல் ஆகாது. வழக்குமன்றத் தீர்ப்புகள் மாறலாம்; ஆட்சிகள் மாறும். அறிவு தன் காலில் நிற்கும் உரிமையை இழந்த நாடு, பின்னர் எத்தனை கோடியைக் கொட்டினாலும் அறிஞரைப் பெறாது. கூலிக்குத் தலையாட்டுவாரையே பெறும்!