கற்றாழைக்குத் தண்ணீரே பகை

கொல்லையில் வைத்த சோற்றுக்கற்றாழை கெட்டுப்போனால் வெயிலின் மேல் பழி போடுவது வழக்கம். பெரும்பாலும் அதைக் கெடுப்பது தினமும் ஊற்றும் ஒரு செம்புத் தண்ணீர்தான். மடலிலேயே நீரைச் சேமித்து, பகலில் இலைத்துளைகளை மூடி இரவில் திறக்கும் செடி இது. நெல்லுக்குக் காட்டும் பரிவை இதற்குக் காட்டலாகாது.

செம்மண்ணும் மணலும் சமமாகக் கலந்தால் நல்லது. தொழு உரம் ஒரு கைப்பிடி போதும். தொட்டியின் அடியில் துளை இருக்க வேண்டும். கன்றுக்குக் காசு கொடுப்பது வீண். அண்டை வீட்டுத் தாய்ச்செடியின் பக்கக்கன்றே போதுமானது. அதை 2, 3 நாள் நிழலில் போட்டு, வெட்டுவாய் காய்ந்தபின் நட வேண்டும். மேல்மண் 2 அங்குலம் காய்ந்திருந்தால் மட்டும் நீர் விடலாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொட்டியைத் தாழ்வாரத்துக்கு மாற்றிவிட வேண்டும். பாத்திரம் கழுவிய நீர் தேங்கும் மூலையில் பலர் நடுகிறார்கள். அதைவிடக் கெட்ட இடம் இல்லை. அடிமடல் குழைந்து நாற்றமடித்தால் அது வேரழுகல். உடனே பிடுங்கி, அழுகியதை வெட்டியெறிந்து, மிச்சத்தை உலர்த்தி வேறு மண்ணில் நட்டால் பிழைக்க வாய்ப்புண்டு.

மடலை வெட்டியதும் வடியும் மஞ்சள் பால் கடும் பேதி தரும். அது முழுதும் வடிந்தபின், சோற்றைப் பலமுறை கழுவியே உண்ண வேண்டும். கர்ப்பிணிகள் உள்ளுக்குச் சாப்பிடுவதை அடியோடு தவிர்க்க வேண்டும்.