திங்கக்கிழமை வயித்து வலி

"சின்னப் பசங்க சண்டைதானே டாக்டர், விடுங்க." தட்டாஞ்சாவடியில் என்னிடம் வரும் பெற்றோர் பலரும் சொல்வது இது. விட முடியாதுங்க.

திங்கள் காலை வயித்து வலி. ஞாயித்துக்கிழமை அது இருக்காது. பரிசோதிச்சா எல்லாம் நார்மல். பிள்ளை நடிக்கலை. பயந்தா நிஜமாவே வயிறு வலிக்கும். மூளைக்கும் குடலுக்கும் நரம்புத் தொடர்பு அப்படி. டிபன் பாக்ஸைப் பிடுங்குறது, நிறத்தைச் சொல்லிப் பட்டப்பெயர் வைக்கிறது, 'இவகூட சேராதே'ன்னு ஒதுக்குறது எல்லாம் ஆறு, ஏழு வயசுலயே ஆரம்பிச்சிடுது.

புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இ-க்கு மாறியாச்சு. அந்த வாரியம் ஆலோசகர் வேணும்னு சொல்றது உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு. எண்ணுற தலைகளும் 9 முதல் 12ஆம் வகுப்பு வரைதான். ஒண்ணாம் வகுப்புக்கு? டீச்சரோட அதட்டல்தான் கவுன்சலிங். (ஐம்பது நோட்டு திருத்துறவங்களைக் குறை சொல்லியும் பிரயோஜனமில்லை.)

2023-ல் நாங்குநேரியில் வீடு புகுந்து சக மாணவனை வெட்டினதும் பள்ளிப் பசங்கதான். அப்புறம்தான் நீதிபதி சந்துரு குழு. அந்தச் சாதித் திமிர் மேல்நிலை வகுப்புல திடீர்னு முளைச்சதா?

பின்லாந்தின் கிவா திட்டம் தொடக்கப் பள்ளியிலேயே தொடங்குது. அடிக்கிறவனை மட்டுமல்ல, சுத்தி நின்னு சிரிக்கிற பசங்களையும் அது பழக்குது. சிரிப்பு நின்னா அடிக்கிறவனுக்கு மேடை இல்லை.

'திருப்பி அடி'ன்னு சொல்லி அனுப்புற அப்பாக்களே, அடுத்த பெற்றோர் கூட்டத்துல மார்க்குக்கு முன்னாடி இதைக் கேளுங்க: இங்க ஒரு குழந்தை அழுதா யார்கிட்ட போய்ச் சொல்லணும்? பதில் வரலைன்னா எழுதிக் கொடுங்க. பிள்ளைக்கு 1098 நம்பரையும் சொல்லி வைங்க.